ஐந்து ஏரி, இரண்டு நாடு, ஒரு லாம்ப்ரே: ஊடுருவும் நீருயிர்களைக் கூட்டாகக் கட்டுப்படுத்துவது எப்படி?

கூட்டு மீன் வளர்ப்பு செய்கிறவர்களுக்கு வெள்ளிக்கெண்டையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கட்லா, ரோகு, மிர்காலோடு வெள்ளிக்கெண்டையையும் புல்கெண்டையையும் குளத்தில் விடுவது நம் ஊரில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வெள்ளிக்கெண்டை தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும், புல்கெண்டை களையைத் தின்னும், குளம் சுத்தமாக இருக்கும், மீனும் எடை கூடும். நல்ல மீன்தான்.

அதே வெள்ளிக்கெண்டையைத் தடுக்க அமெரிக்காவில் 100 கோடி டாலருக்கு மேல் செலவாகும் ஒரு தடுப்பைத் திட்டமிட்டிருக்கிறார்கள். இல்லினாய் ஆற்றில் விசைப்படகின் சத்தம் கேட்டதும் இந்த மீன்கள் நூற்றுக்கணக்கில் தண்ணீருக்கு மேலே துள்ளும். ஓடும் படகில் இருப்பவர் முகத்தில் மோதி எலும்பை முறித்ததும் உண்டு. அந்த ஆற்றின் சில பகுதிகளில் எடைக்கணக்கில் பார்த்தால் மற்ற எல்லா மீனையும்விட இவைதான் அதிகம்.

ஓர் உயிரினம் தன் சொந்த மண்ணை விட்டு வேறு இடத்துக்குப் போனால் அதை அயல் உயிரினம் என்கிறோம். போகிறவை எல்லாம் தொல்லை தருவதில்லை. பல அங்கே பிழைப்பதே இல்லை. சில பிழைத்து, பெருகி, அங்கே ஏற்கெனவே இருக்கிற உயிர்களையும் மனிதர்களின் பிழைப்பையும் கெடுக்கத் தொடங்கும். அவைதான் ஊடுருவும் அயல் உயிரினங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடியிருக்கும் ஆகாயத்தாமரை நாம் தினமும் பார்க்கும் உதாரணம். நம் பக்கத்திலிருந்து அங்கே போனவையும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து, மேலே சோதனைக் குழாயை வைத்து, குமிழ்கள் வருகிறதா என்று பார்ப்போமே, அந்த ஹைட்ரில்லா அமெரிக்க நீர்நிலைகளில் பெருந்தலைவலி.

நிலத்தில் ஒரு சீமைக் கருவேலம் முளைத்தால் கண்ணுக்குத் தெரியும், ஆளை விட்டு வெட்டலாம். தண்ணீருக்குள் நடப்பது தெரியாது, தெரிகிறபோது காலம் கடந்திருக்கும். இன்னொரு சிக்கல், மேல் ஏரியில் ஆகாயத்தாமரையை விட்டுவைத்துக் கீழ் ஏரியை மட்டும் எவ்வளவு சுத்தம் செய்தாலும், அடுத்த மழையில் கலங்கல் வழியாக அது இறங்கி வந்துவிடும். மேல் ஏரி ஓர் ஊராட்சிக்கும் கீழ் ஏரி இன்னொரு துறைக்கும் சொந்தமாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலை இரண்டு நாட்டு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே இருக்கும் பேரேரிகள்: சுப்பீரியர், மிச்சிகன், ஹூரோன், ஈரி, ஒண்டாரியோ. உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்துக்குள் இருக்கிறது. கரையில் 8 அமெரிக்க மாநிலங்கள், கனடாவின் ஒண்டாரியோ மாகாணம், உடன்படிக்கைப்படி மீன்பிடி உரிமை உள்ள பழங்குடி அரசுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மீன்வளத்துக்கு ஓர் அலுவலகம், குடிநீருக்கு ஒன்று, துறைமுகத்துக்கு ஒன்று. இதற்கு மேல் இரண்டு மைய அரசுகளின் துறைகள். இத்தனை பேரும் ஒரே தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்களைச் சேர்த்து உட்கார வைத்தது கடல் லாம்ப்ரே என்ற உயிரினம்.

விலங்கியல் பாடத்தில் வட்டவாயின என்ற பிரிவில் படிக்கிற பெட்ரோமைசான்தான் அது. பார்க்க விலாங்கு போல நீளமாக, வழவழவென்று இருக்கும். ஆனால் விலாங்குக்குத் தாடை உண்டு, இதற்குக் கிடையாது. வாய் இருக்கும் இடத்தில் ஒரு வட்ட உறிஞ்சி, அதைச் சுற்றி வளையம் வளையமாக மஞ்சள் நிறக் கொம்புப் பற்கள், நடுவில் அரம் போன்ற நாக்கு. மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு, செதிலையும் தோலையும் அரித்துத் துளையிட்டு இரத்தத்தைக் குடிக்கும். இரத்தம் உறையாமல் இருக்க எச்சிலிலேயே மருந்து வைத்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் மீனின் உடலில் காசு அளவில் ஒரு சிவந்த வட்டப் புண் இருக்கும். ஒரு லாம்ப்ரே தன் உறிஞ்சும் பருவத்தில், அதாவது ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள், 18 கிலோ வரை மீனைக் கொன்றுவிடும்.

அட்லாண்டிக் கடல் பக்கம்தான் இதன் தாயகம். ஒண்டாரியோ ஏரியில் இருந்தது. அதற்கு மேலே போக முடியாமல் நயாகரா அருவி தடுத்து நின்றது. அருவியைச் சுற்றிக் கப்பல் போக 1829இல் வெல்லண்ட் கால்வாயைத் திறந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால்வாயை மேம்படுத்தியபின் லாம்ப்ரேவுக்கும் வழி கிடைத்தது. 1921இல் ஈரி ஏரியில் பார்த்தார்கள். 1938க்குள் மேற்கோடியில் உள்ள சுப்பீரியர் வரை போய்விட்டது. அந்த ஏரிகளின் மீனவர்கள் நம்பியிருந்தது ஏரி ட்ரௌட் என்ற பெரிய மீனை. மேல் ஏரிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி பவுண்டு, அதாவது 6,800 டன், பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் அது 3 லட்சம் பவுண்டுக்கு இறங்கியது. நூற்றுக்கு 2 பங்கு மிச்சம். அளவுக்கு மீறிப் பிடித்ததும் ஒரு காரணம்தான். ஆனால் பிடிப்பதை நிறுத்தினாலும் மீன் திரும்ப முடியாதபடி செய்தது லாம்ப்ரே.

தனித்தனியாக ஏன் சமாளிக்க முடியவில்லை என்பதற்கு லாம்ப்ரேயின் வாழ்க்கையே பதில். அது ஏரியில் முட்டையிடாது. ஏரியில் வந்து விழும் ஓடைகளில் ஏறி, கூழாங்கல்லைக் கூட்டிவைத்து முட்டையிடும். ஒரு பெண் லாம்ப்ரே 1 லட்சம் முட்டை வரை இடும். குஞ்சுகள் கண் தெரியாத புழு மாதிரி ஓடையின் வண்டலுக்குள் புதைந்து மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு, சில நேரம் இன்னும் அதிகமாகவும் வாழும். அப்போது யாருக்கும் தீங்கில்லை. பிறகு உருமாறி ஏரிக்கு இறங்கி, கண்ட பக்கமெல்லாம் நீந்தும். மிச்சிகன் மாநிலத்து ஓடையில் பிறந்தது ஒண்டாரியோ மாகாணத்து மீனைத் தின்னும். ஒண்டாரியோ தன் ஓடைகளை எல்லாம் சுத்தம் செய்து, அக்கரையில் ஓர் ஓடையை விட்டால், செலவழித்தது ஒருவர், புண்பட்ட மீனும் அவருடையதாகவே இருக்கும். ஓடையை வைத்திருப்பவருக்கு வலிக்காது, வலிக்கிறவருக்கு ஓடை சொந்தமில்லை. ஊடுருவும் நீருயிர்கள் விஷயத்தில் கூட்டுச் செயல்பாடு வேண்டும் என்று சொல்வதன் அர்த்தம் எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் முழுதாகப் புரிந்தது.

இது அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சேர முடியவில்லை. ஏரிகளின் மீன்வளத்தை இரண்டு நாடும் சேர்ந்து நிர்வகிக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே முயற்சி நடந்தது. 1908இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகியும் நடைமுறைக்கு வரவில்லை. 1946இல் இன்னொன்று. அதுவும் அப்படியே போனது. காரணம் பெரிதும் ஒன்றே. எங்கள் மீனவன் எவ்வளவு பிடிக்கலாம், எந்த வலை போடலாம் என்று வெளியே இருக்கும் ஓர் ஆணையம் சொல்வதா என்று மாநிலங்கள் எதிர்த்தன. அதிகாரத்தைக் கையிலிருந்து கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

1954இல் செய்தது வேறு மாதிரி. பேரேரிகள் மீன்வள உடன்படிக்கை என்ற பெயரில் ஓர் ஆணையத்தை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. மீன்பிடியை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அந்த ஆணையத்துக்குக் கிடையாது. அது மாநிலங்களிடமே இருக்கட்டும். ஆணையத்துக்குக் கொடுத்த வேலைகள் ஆராய்ச்சியை ஒருங்கிணைப்பது, அரசுகளுக்குப் பரிந்துரை சொல்வது, லாம்ப்ரேயைக் கட்டுப்படுத்துவது. கேட்கும்போது பல் இல்லாத அமைப்பு போலத் தெரியும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அரை நூற்றாண்டு இழுபறியை முடித்துவைத்தது அந்தக் குறுகிய வரம்புதான். எல்லோருக்கும் வெறுப்பான ஓர் எதிரியை மட்டும் பொதுவில் வைத்தார்கள், யாருடைய அதிகாரத்திலும் கை வைக்கவில்லை.

செலவுப் பங்கீட்டிலும் அதே நிதானம் தெரிகிறது. லாம்ப்ரே கட்டுப்பாட்டுச் செலவில் அமெரிக்கா 69 சதவீதம், கனடா 31 சதவீதம். லாம்ப்ரே வருவதற்கு முன் யார் எவ்வளவு மீன் பிடித்தார்கள் என்ற பழைய கணக்கை அடிப்படையாக வைத்துப் போட்ட விகிதம் இது. இழந்தவர் இழந்த அளவுக்குக் கொடுக்கிறார். அலுவலகச் செலவு மட்டும் பாதிக்குப் பாதி.

களத்தில் இறங்குவது ஆணையத்தின் ஆட்கள் இல்லை. அமெரிக்கப் பக்கத்தில் மீன் வனவிலங்குச் சேவைத் துறை, கனடாப் பக்கத்தில் மீன்வளம் மற்றும் பெருங்கடல் துறை. லாம்ப்ரே ஏறாதபடி ஓடைகளில் தடுப்பணை கட்டுவதில் ராணுவப் பொறியாளர் பிரிவுக்குப் பங்கு உண்டு. ஆராய்ச்சியில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை. மாநிலங்களும் பழங்குடி மீன்வளத் துறைகளும் தங்கள் ஓடைகளில் அனுமதி கொடுத்து, கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்கின்றன. ஆணையம் பணத்தையும் திட்டத்தையும் பிடித்துக்கொள்கிறது.

முதலில் ஆயுதம் வேண்டுமே. ஹூரோன் ஏரிக்கரையில் ஹேமண்ட் பே ஆய்வகத்தில் வெர்னன் ஆப்பிள்கேட் என்பவரின் குழு கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒவ்வொரு ஜாடியிலும் லாம்ப்ரே குஞ்சுகள், கூடவே ட்ரௌட் போன்ற வேறு மீன்கள். ஒரு வேதிப்பொருளைக் கலப்பார்கள். எல்லாம் செத்தால் தூக்கிப் போடு. எதுவும் சாகாவிட்டாலும் தூக்கிப் போடு. லாம்ப்ரே மட்டும் சாக வேண்டும், பக்கத்தில் இருக்கும் மீன் நீந்திக்கொண்டிருக்க வேண்டும். ஏறத்தாழ 6,000 வேதிப்பொருள்களை இப்படிச் சலித்த பிறகு 1950களின் பிற்பகுதியில் டிஎஃப்எம் என்று சுருக்கமாகச் சொல்லும் மருந்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1958இல் சுப்பீரியர் ஏரியின் ஓடைகளில் இறங்கியது.

மருந்தை ஊற்றுவதும் கவனமான வேலை. ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, அமிலத்தன்மை எவ்வளவு என்று அளக்க வேண்டும், ஏனென்றால் அளவு கொஞ்சம் கூடினால் மற்ற மீனும் சாகும், குறைந்தால் குஞ்சு பிழைக்கும். சாயத்தைக் கலந்து விட்டு, ஓடையின் கீழ்முனைக்கு அது எத்தனை மணி நேரத்தில் போகிறது என்று பார்ப்பார்கள். பிறகு மருந்தைச் சொட்டுச் சொட்டாக, பல மணி நேரம் ஒரே அடர்த்தியில் ஓடவிடுவார்கள். ஏரிகளில் வந்து விழும் ஓடைகள் 5,000க்கும் மேல். லாம்ப்ரே இருப்பது ஏறத்தாழ 500இல். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே ஓடைக்குத் திரும்ப வர வேண்டும். மருந்துக்கும் குறை உண்டு. ஸ்டர்ஜன் என்ற அரிய மீனின் குஞ்சுகள் அதைத் தாங்குவது கடினம் என்பதால், அவை இருக்கும் ஓடைகளில் காலம் பார்த்து மருந்திடுகிறார்கள்.

பலன் என்ன? லாம்ப்ரே எண்ணிக்கை உச்சத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்தது. 2024இல் சுப்பீரியர் ஏரியின் பெரும்பகுதியில் ஏரி ட்ரௌட் முழுமையாக மீண்டுவிட்டது என்று ஆணையம் அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது உண்மையிலேயே மனம் நிறைந்தது. இரண்டு தலைமுறை ஊழியர்கள் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெற்றிருப்பார்கள் அதற்குள்.

விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது. கொரோனா காலத்தில், 2020இல், திட்டமிட்டதில் கால்பங்கு அளவுக்குத்தான் மருந்திட முடிந்தது. 2021இல் முக்கால்பங்கு. குஞ்சுகள் வளர்ந்து ஏரிக்கு இறங்க அவகாசம் வேண்டுமே, அது முடிந்ததும் அடுத்த ஆண்டுகளில் பல ஏரிகளில் லாம்ப்ரே எண்ணிக்கை மேலே ஏறியது. அறுபது ஆண்டு வேலையைப் பின்னுக்குத் தள்ள இரண்டு ஆண்டு இடைவெளி போதுமானதாக இருந்தது.

லாம்ப்ரேக்காகக் கூடிய பழக்கம் பிறகு வேறு விஷயங்களுக்கும் உதவியது. 1981இல் மாநிலங்கள், ஒண்டாரியோ, மைய அரசுத் துறைகள் சேர்ந்து ஒரு பொதுத் திட்டத்தில் கையெழுத்திட்டன. பழங்குடி மீன்வளத் துறைகளும் பிற்பாடு சேர்ந்தன. ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குழு, முடிவுகள் ஒருமனதாக. சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆண்டுதோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்கைக் காட்ட வேண்டிய கூச்சமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

அடுத்த அடி கப்பலில் வந்தது. சரக்கு இல்லாத கப்பல் கடலில் தள்ளாடாமல் இருக்க, வயிற்றில் தண்ணீரை ஏற்றிக்கொள்ளும். இதை பேலஸ்ட் தண்ணீர் என்பார்கள். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை இறக்கிவிடும். ஏற்றிய ஊரின் நத்தை, சிப்பி, இறால் குஞ்சு எல்லாம் இறக்கிய ஊரில் குடியேறும். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து வரிச்சிப்பி இப்படி வந்து 1988இல் ஹூரோனுக்கும் ஈரிக்கும் நடுவே உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. விரல் நகம் அளவுதான் இருக்கும். மறு ஆண்டே மிச்சிகனின் மன்றோ நகரத்துக் குடிநீர்க் குழாயை அடைத்து, ஊருக்கே தண்ணீர் நின்றது. 1990இல் அமெரிக்கா இதற்கென்றே சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் வழியாக 1991இல் பேரேரிகளுக்கென்று ஒரு கூட்டுக் குழு பிறந்தது. இதை நடத்துவது பேரேரிகள் ஆணையம். மேலே சொன்ன பேரேரிகள் மீன்வள ஆணையம் வேறு. புதிதாகப் படிக்கிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

கப்பலுக்கான விதி, நடுக்கடலிலேயே பழைய தண்ணீரை இறைத்துவிட்டு உப்புத்தண்ணீரை ஏற்றிக்கொண்டு வா என்பது. நன்னீர் உயிர்கள் உப்பில் சாகும். ஆனால் ‘என்னிடம் பேலஸ்டே இல்லை’ என்று வரும் கப்பலின் தொட்டி அடியிலும் கொஞ்சம் தண்ணீரும் சேறும் மிச்சம் இருக்கும். அந்த ஓட்டையை 2006இல் கனடாவும் 2008இல் அமெரிக்காவும் அடைத்தன. ஒரு நாடு மட்டும் அடைத்திருந்தால் பயன் இருந்திருக்காது, கடலிலிருந்து ஏரிகளுக்கு வர இரண்டு நாட்டுக்கும் செயின்ட் லாரன்ஸ் ஆற்று வழி ஒரே வாசல். இப்போது இரண்டு நாட்டுத் துறைகளும் சேர்ந்து, வெளிக்கடலிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலையும் சோதிக்கின்றன. ஒருவர் பார்த்ததை மற்றவர் ஏற்றுக்கொள்கிறார். அதற்குப் பிறகு பேலஸ்ட் வழியாகப் புதிய உயிரினம் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் காக்கா ஆழி என்று சொல்கிற தென் அமெரிக்கச் சிப்பியும் கப்பல் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது. ஆற்றடியைப் பாய் விரித்தது போல மூடிக்கொள்வதால் இறால் புதைய மண் கிடைப்பதில்லை, மீனவர் கால் வைக்கவும் இடமில்லை. அங்கேயும் துறைமுகம், நீர்வளத் துறை, மீன்வளத் துறை, சுற்றுச்சூழல் துறை எல்லாம் உண்டு. எந்தத் துறை அகற்றுவது, யார் செலவை ஏற்பது என்ற கேள்வி பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது.

கூட்டுச் செயல்பாடு என்றதும் எல்லோரும் கைகோத்து நிற்கிற படம் மனதில் வரும். வெள்ளிக்கெண்டை விஷயம் அப்படி இல்லை. 1970களில் அர்கன்சாஸ் மாநிலத்தில் குளங்களைச் சுத்தம் செய்யக் கொண்டுவந்த வெள்ளிக்கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் தப்பித்து மிசிசிப்பி ஆற்றில் ஏறின. மிசிசிப்பிக்கும் மிச்சிகன் ஏரிக்கும் இயற்கையில் தொடர்பில்லை. சிகாகோ நகரம் தன் கழிவுநீர் குடிநீர் ஏரியில் கலக்காமல் இருக்க 1900இல் ஒரு கால்வாய் வெட்டி இரண்டையும் இணைத்துவிட்டது. அதில் 2002 முதல் மின்தடுப்பு வேலை செய்கிறது. தண்ணீரில் பாயும் மின்சாரம் மீனைத் திருப்பி அனுப்பும்.

2009இல் ஆற்றுநீரை ஒரு புட்டியில் எடுத்து, மீன் உதிர்த்த டிஎன்ஏ அதில் இருக்கிறதா என்று பார்க்கும் புதிய முறையில், தடுப்புக்கு அந்தப் பக்கமும் கெண்டையின் தடயம் கிடைத்தது. அந்த டிசம்பரில் பராமரிப்புக்காக மின்தடுப்பை நிறுத்த வேண்டி வந்தபோது, கால்வாயில் பல மைல் நீளத்துக்கு மருந்திட்டு மீனைக் கொன்றார்கள். பல அலுவலகங்களின் ஆட்கள் குளிரில் நின்று செத்த மீன்களை அள்ளினார்கள். அத்தனையிலும் கிடைத்த பெருந்தலைக் கெண்டை ஒன்றே ஒன்று. அதே மாதத்தில் மிச்சிகன் மாநிலம், கால்வாய்க் கதவை மூடு என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இல்லினாய் எதிர்த்தது, அதற்குப் படகுப் போக்குவரத்தும் வெள்ள வடிகாலும் அந்தக் கால்வாய்தான். நீதிமன்றம் மூடச் சொல்லவில்லை. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இரு மாநிலத்து மீன்வள ஊழியர்களும் ஒரே ஒருங்கிணைப்புக் குழுவில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 2009இல் அமைந்த அந்தக் குழு இன்றும் இருக்கிறது. மேலே தலைமைகள் சண்டை போடும்போது கீழே வேலை நிற்காமல் இருந்தது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

இப்போது இல்லினாய் தன் மீனவர்களுக்குப் பணம் கொடுத்துத் தடுப்புக்குக் கீழே கெண்டைகளை வலைபோட்டு அள்ள வைக்கிறது. கீழே கூட்டம் குறைந்தால் மேலே ஏறப் பார்ப்பதும் குறையும். ஜோலியட் நகரில் பிராண்டன் ரோடு அணையில் இன்னொரு தடுப்பு வரப்போகிறது: மின்சாரம், நீருக்கடியில் ஒலி, குமிழித் திரை, படகுக் கதவுக்குள் தண்ணீரை அலசித் தள்ளும் ஏற்பாடு என்று அடுக்கடுக்காக. 2024 ஜூலையில் ராணுவப் பொறியாளர் பிரிவும் இரண்டு மாநிலங்களும் அதற்கு ஒப்பந்தம் போட்டன. முதல் கட்டத்துக்கு மைய அரசின் பங்கு போக மாநிலங்கள் தரும் தொகையில் இல்லினாய் 5 கோடி டாலர் ஏற்றது. அணை இருப்பது இல்லினாய் மண்ணில். மிச்சிகன் ஏற்றது 6.4 கோடி.